ராத்திரிக்கு ரெண்டு நாப்கினா? அதிக ரத்தப்போக்குக்கு என்னென்ன சிகிச்சைகள் இருக்கு?

ராத்திரி ரெண்டு நாப்கினைச் சேர்த்து வைத்துப் படுப்பது, பஸ் சீட்டிலிருந்து எழுந்ததும் தோழியிடம் 'பின்னாடி கொஞ்சம் பாருடி' என்பது... இதெல்லாம் மாசா மாசம் நடக்கிறதா? 'நம்ம வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்' என்று அம்மா சொல்லியிருக்கலாம். ரத்தம் உறைவதில் உள்ள சில குறைபாடுகள் பரம்பரையாக வருபவை என்பதால், அந்தத் தகவலையே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது மருத்துவக் கணக்கு. யார் அளந்து பார்ப்பது? ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசா நனைகிறது, கட்டி கட்டியாக வருகிறது, 7 நாள்களைத் தாண்டுகிறது, மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது... இதில் ஒன்று இருந்தாலும் கிளம்பிடுங்க.

முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு டெஸ்ட், ஸ்கேன் பார்ப்பார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம். தண்ணீர் நிறைய குடிக்கவைத்து, வயிற்றின் மேலேயே எடுத்துவிடலாம். ஃபைப்ராய்டு கட்டி, பாலிப், ஹார்மோன் கோளாறு, காப்பர்-டி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். சிகிச்சையும் அதைப் பொறுத்துதான் மாறும்.

பெரும்பாலும் மாத்திரையில்தான் ஆரம்பிப்பார்கள். டிரானெக்ஸாமிக் ஆசிட், ரத்தப்போக்கு உள்ள நாள்களில் மட்டும் எடுப்பது. ஹார்மோன் கிடையாது. ஆனால், ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது. அதனால் தோழியின் மருந்துச்சீட்டைக் காட்டி வாங்கிடாதீங்க. மெஃபனாமிக் ஆசிட் வலியோடு ரத்தப்போக்கையும் கொஞ்சம் குறைக்கும். 'கருத்தடை மாத்திரையா, எனக்கெதுக்கு?' என்று சிலர் பதறுவார்கள். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தவும் அதே மாத்திரையைத் தருவது வழக்கம்தான். நிறுத்திய பிறகு குழந்தை பிறப்பதில் பிரச்னை வராது.

பலருக்கும் தெரியாதது, ஹார்மோன் காயில். கர்ப்பப்பைக்குள் வைக்கும் இது லெவோநார்ஜெஸ்ட்ரெல் ஹார்மோனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடும். குறைந்தது 5 வருஷம் வேலை செய்யும். மாத்திரைகளைவிட ரத்தப்போக்கை நன்றாகவே குறைக்கும். முதல் சில மாதங்கள் விட்டு விட்டுத் திட்டுத்திட்டாகப் படும். அதற்குப் பயந்து உடனே எடுக்கச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்.

பாலிப், ஃபைப்ராய்டு என்றால் அதை மட்டும் அகற்ற முடியும். கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சுட்டு நீக்கும் 'அப்லேஷன்' சிகிச்சையும் இருக்கிறது. ஆனால், இனி குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு மட்டும்.

கர்ப்பப்பையையே எடுப்பது கடைசி வழி. புற்றுநோய் போன்ற காரணம் இல்லாமல், முதல் விசிட்டிலேயே 'எடுத்துடலாம்' என்றால், 'வேற வழி இருக்கா டாக்டர்?' என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரையும் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கூடவே, இழந்த இரும்புச்சத்தை மீட்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சை ஜூஸோடு போடலாம்.

மணிக்கொரு நாப்கின் என்று தொடர்ந்து ரெண்டு மணி நேரம் போனாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க. நேராக எமர்ஜென்சிக்குப் போங்க.