சீசன் முடிஞ்சாச்சு, அடுத்து யாரை வாங்கணும்? கால்பந்து ரசிகர்கள் மறக்கும் 'காயக் கணக்கு'

இங்கிலாந்து பிரீமியர் லீக் மே மாதத்தில் முடிந்தால், அடுத்த ஆட்டம் ஆகஸ்டில்தான். இந்த இடைவெளியில் வீரர்களுக்கு ஓய்வு உண்டு, ரசிகர்களுக்குக் கிடையாது. 'ஒரு ஸ்ட்ரைக்கர் வேணும்', 'லெஃப்ட் பேக்கை மாத்தணும்', 'அவரை வித்துடலாம்' என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள்.

அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் விடுபடுவது காயம். ஓர் இடத்துக்கு மூன்று பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. அந்த மூன்று பேரும் எத்தனை ஆட்டத்துக்குக் கிடைப்பார்கள் என்பது வேறு கணக்கு. இரண்டாவது கணக்கில் தவறினால் சாம்பியன் அணியும் சரியும் என்பதற்கு 2020-21 லிவர்பூலும், 2024-25 மான்செஸ்டர் சிட்டியும் சாட்சி.

ஆஃப் சீசனில் கிளப்கள் கையில் என்ன இருக்கிறது?

வீரர்களை வாங்க, விற்க ஆண்டுக்கு இரண்டு முறைதான் கதவு திறக்கும். இதைத்தான் டிரான்ஸ்ஃபர் விண்டோ என்கிறார்கள். கோடையில் ஒன்று நீண்டது, ஜனவரியில் ஒன்று குறுகியது. கோடை விண்டோ மூடிய பிறகு முக்கிய வீரருக்கு அடிபட்டால், பொதுவாக ஜனவரி வரை இருப்பவர்களை வைத்தே சமாளிக்க வேண்டும்.

ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

• பிரீமியர் லீக் அணி பதிவு செய்யக்கூடிய சீனியர் வீரர்கள் அதிகபட்சம் 25 பேர்.
• அதில் 'ஹோம் க்ரோன்' அல்லாதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. 21 வயதுக்கு முன் 3 ஆண்டுகள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகியிருந்தவரே ஹோம் க்ரோன்.
• 21 வயதுக்கு உட்பட்ட வீரர்களுக்கு இந்த 25 பேர் வரம்பு கிடையாது.

ஆக, பணம் இருக்கிறது என்பதற்காக எல்லா இடத்துக்கும் நான்கு பேரை வாங்கிக் குவிக்க முடியாது. எந்த இடத்தில் ரிஸ்க் எடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று முடிவு செய்வதுதான் ஆஃப் சீசன் வேலை.

2020 கோடையில் லிவர்பூல் போட்ட கணக்கு

2019-20 சீசனில் லிவர்பூல் 99 புள்ளிகளுடன் லீக் பட்டம் வென்றது. 30 ஆண்டு காத்திருப்பு முடிவுக்கு வந்தது. அந்தக் கோடையில் தடுப்பாட்டத்தின் நடுவில் நிற்கும் சென்டர் பேக் டெயான் லோவ்ரன், ரஷ்யாவின் ஜெனித் கிளப்புக்கு விற்கப்பட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வாங்கப்படவில்லை.

புதிதாக வந்தவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். நடுக்களத்துக்கு தியாகோ, முன்களத்துக்கு டியோகோ ஜோட்டா, லெஃப்ட் பேக் இடத்துக்கு மாற்றாக கோஸ்டாஸ் சிமிகாஸ். மூன்றுமே தேவையான இடங்கள்தான்.

சென்டர் பேக் இடத்துக்கு மிச்சம் இருந்த சீனியர்கள் மூவர்.

• விர்ஜில் வான் டைக்: 2018-19, 2019-20 ஆகிய இரண்டு சீசனிலும் 38 லீக் ஆட்டங்களிலும் ஆடியவர்.
• ஜோ கோமஸ்: 2015-ல் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. 2018 டிசம்பரில் பர்ன்லி ஆட்டத்தில் கால் எலும்பு முறிந்தது.
• ஜோயல் மாட்டிப்: 2019-20 சீசனின் பெரும்பகுதியைக் காயத்தால் வெளியில் இருந்தே கழித்தவர்.

அவசரத்துக்கு நடுக்கள வீரர் ஃபாபினியோ பின்னால் இறங்கி ஆடுவார் என்பது திட்டம். காகிதத்தில் '3 + 1'. ஆனால் காயக் கணக்கு போட்டுப் பார்த்தால், முழு சீசனும் நம்பக்கூடியவர் வான் டைக் ஒருவர்தான்.

ஓய்வும் குறைவு. கொரோனாவால் தள்ளிப்போன முந்தைய சீசன் 2020 ஜூலை 26-ல் முடிந்து, புது சீசன் செப்டம்பர் 12-ல் தொடங்கிவிட்டது. நடுவில் 48 நாட்கள் மட்டுமே. அதற்குள் ஆகஸ்ட் 29-ல் கம்யூனிட்டி ஷீல்டு ஆட்டமும் ஆடியாயிற்று.

ஒரே நாளில் மாறிய நிலைமை

அந்த ஆண்டு கோடை விண்டோ அக்டோபர் 5-ல் மூடியது. கீழ் டிவிஷன் இங்கிலாந்து கிளப்களிடம் வாங்க மட்டும் அக்டோபர் 16 வரை அவகாசம் இருந்தது.

அதற்கு மறுநாள், அக்டோபர் 17. கூடிசன் பார்க்கில் எவர்டனுக்கு எதிரான டெர்பி. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எவர்டன் கோல் கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு பாய்ந்து மோதியதில் வான் டைக்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதே ஆட்டத்தில் தியாகோவுக்கும் அடி.

அடுத்த மாதம் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமஸுக்கு முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை. 2021 ஜனவரி 28-ல் டாட்டன்ஹாம் ஆட்டத்தில் மாட்டிப்புக்குக் கணுக்காலில் காயம். மூவருக்குமே சீசன் முடிந்துவிட்டது.

ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். வான் டைக் போனதும் லிவர்பூல் உடனே விழுந்துவிடவில்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் பட்டியலில் முதலிடத்தில்தான் இருந்தது.

ஆனால் ஃபாபினியோவைப் பின்னால் இறக்கினார்கள். பிறகு கேப்டன் ஜோர்டன் ஹெண்டர்சனையும் இறக்கினார்கள். தடுப்பாட்டம் ஓரளவு நின்றது, நடுக்களம் காலியானது. பந்தைப் பறித்து முன்னால் கொடுக்க வேண்டிய இருவரும் பின்னால் நின்றதால், கோல் அடிக்கும் வேகமும் குறைந்தது. பிப்ரவரி 20 எவர்டன் ஆட்டத்தில் ஹெண்டர்சனும் சென்டர் பேக்காக ஆடும்போதே காயமடைந்தார்.

விளைவு? 2021 ஜனவரி 21 முதல் மார்ச் 7 வரை சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து 6 லீக் தோல்விகள். பர்ன்லி, பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, எவர்டன், செல்சி, ஃபுல்ஹாம். கிளப் வரலாற்றில் அதற்கு முன் நடக்காத விஷயம் இது. கேலரியில் ரசிகர்கள் இல்லாத காலம் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் மற்ற கிளப்களும் காலி மைதானத்தில்தான் ஆடின.

ஜனவரியில் வாங்கினால் போதாதா?

போதாது என்பதற்கும் லிவர்பூலே உதாரணம். ஜனவரி விண்டோவின் கடைசிக் கட்டத்தில்தான் இரண்டு சென்டர் பேக்குகள் வந்தார்கள். ஜெர்மனியின் ஷால்கே கிளப்பில் இருந்து ஓசான் கபாக், லோன் முறையில். இரண்டாம் டிவிஷன் கிளப்பான பிரஸ்டன் நார்த் எண்டில் இருந்து பென் டேவிஸ்.

கபாக் சில ஆட்டங்கள் ஆடினார். லோன் முடிந்ததும் கிளப் அவரை நிரந்தரமாக வாங்கவில்லை. டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டத்தில்கூட இறங்காமலேயே பின்னர் கிளப்பை விட்டுப் போனார்.

ஜனவரியில் நல்ல வீரரை எந்த கிளப்பும் எளிதில் விடாது. வருபவருக்கும் அணியோடு பழக நேரம் இருக்காது. கோடையில் யோசித்து வாங்குவதும் ஜனவரியில் பதறிப்போய் வாங்குவதும் ஒன்றல்ல.

அந்த ஜவ்வு அப்படி என்ன முக்கியம்?

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் ஜவ்வுகளில் ஒன்று ஏசிஎல். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முழங்கால் அளவுக்கு மீறித் திருகாமலும் பிடித்து வைப்பது இதன் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்புவது, குதித்து ஒற்றைக்காலில் இறங்குவது என கால்பந்தின் முக்கால்வாசி அசைவுகளுக்கு இது வேண்டும்.

முழுதாகக் கிழிந்தால், தொழில்முறை வீரர்களுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். அவர்களின் உடலில் இருந்தே ஒரு தசைநாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். அது ஜவ்வு போல உறுதியாக மாறப் பல மாதங்கள் ஆகும். 9 மாதத்துக்கு முன்பே களத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து கூடுகிறது என்பதால்தான் மருத்துவக் குழுக்கள் அவசரப்படுவதில்லை.

ரசிகர்கள் போட வேண்டிய கணக்கு எளிது. ஏப்ரலில் ஏசிஎல் கிழிந்த வீரர், ஆகஸ்டில் சீசன் தொடங்கும்போது இருக்க மாட்டார். திரும்புவதே ஜனவரி வாக்கில்தான். திரும்பினாலும் பழைய வேகம் வர இன்னும் சில மாதங்கள் பிடிக்கும். கிட்டத்தட்ட ஒரு சீசனே போய்விடும்.

தசைக் காயங்கள் வேறு ரகம். ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் தொடையின் பின்பக்கத் தசைக் காயம் சில வாரங்களில் சரியாகலாம். சிக்கல் என்னவென்றால், திரும்பத் திரும்ப வரும். '3 வாரம்தானே' என்று விட்டுவிட்டால், ஒரு சீசனில் மூன்று முறை வந்து 10 ஆட்டங்களைத் தின்றுவிடும்.

கைகொடுத்த 'பட்டியலில் இல்லாதவர்கள்'

2021 மார்ச்சில் லிவர்பூல் ஃபாபினியோவை மறுபடி நடுக்களத்துக்கு அனுப்பியது. பின்னால் நாட் பிலிப்ஸ், கபாக், பிறகு ரைஸ் வில்லியம்ஸ் என நின்றார்கள். பிலிப்ஸ் முந்தைய சீசனில் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட்டில் லோனில் இருந்தவர். வில்லியம்ஸ் முந்தைய சீசனில் ஆடியது கிடர்மின்ஸ்டர் ஹேரியர்ஸ் என்ற ஆறாம் டிவிஷன் கிளப்பில்.

கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா. மே 16-ல் வெஸ்ட் பிராம் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கோல் கீப்பர் அலிசனே முன்னால் ஓடி வந்து தலையால் முட்டி வெற்றி கோல் அடித்ததும் இந்த ஓட்டத்தில்தான். 69 புள்ளிகளுடன் மூன்றாம் இடம், சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பும் தப்பியது. ஆனால் முந்தைய சீசனைவிட 30 புள்ளிகள் குறைவு.

2021 கோடை: இந்த முறை வரிசை மாறியது

சீசன் முடிந்த ஒரு வாரத்துக்குள், மே 28-லேயே அறிவிப்பு வந்தது. ஆர்.பி. லைப்சிக் கிளப்பின் சென்டர் பேக் இப்ராஹிமா கொனாட்டே, சுமார் 3.6 கோடி பவுண்டுக்கு. வான் டைக், கோமஸ், மாட்டிப் மூவரும் குணமாகிக்கொண்டிருந்த நேரம் அது. 'மூணு பேர்தான் திரும்ப வர்றாங்களே' என்று லிவர்பூல் இருந்துவிடவில்லை.

இன்னொரு முடிவு வான் டைக் எடுத்தது. அந்தக் கோடையில் நடந்த யூரோ கோப்பையில் நெதர்லாந்துக்காக ஆடவில்லை என்று அறிவித்தார். ஆஃப் சீசன் முழுவதையும் முழங்காலுக்கே ஒதுக்கினார். ஜூலை 29-ல் பயிற்சி ஆட்டத்தில் சிறிது நேரம், ஆகஸ்ட் 14-ல் நார்விச்சுக்கு எதிரான முதல் லீக் ஆட்டத்தில் தொடக்கம் முதலே. அடிபட்டு சுமார் 10 மாதம் கழித்து.

2021-22 சீசனில் லிவர்பூல் 92 புள்ளிகள் எடுத்தது. லீக் கோப்பையையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது.

அதே பாடம், வேறு கிளப்: சிட்டியும் ரோட்ரியும்

2023-24 சீசனில் மான்செஸ்டர் சிட்டி சாம்பியன். அந்த சீசனில் தோற்றது மூன்றே லீக் ஆட்டங்கள். மூன்றிலும் தற்காப்பு நடுக்கள வீரர் ரோட்ரி தடை காரணமாக ஆடவில்லை. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

ஆனாலும் 2024 கோடையில் அந்த இடத்துக்கு அவரைப் போன்ற இன்னொருவர் வரவில்லை. மாற்றாக முன்பு வாங்கப்பட்ட கால்வின் பிலிப்ஸும் இப்ஸ்விச்சுக்கு லோனில் போனார். செப்டம்பர் 22-ல் ஆர்சனல் ஆட்டத்தில் ரோட்ரியின் ஏசிஎல் கிழிந்தது. விண்டோ ஏற்கெனவே மூடியிருந்தது. அடுத்த மாதம் அவர் பாலோன் டி'ஓர் விருது வாங்கியபோது ஊன்றுகோலோடுதான் மேடை ஏறினார்.

சிட்டி எல்லாத் தொடர்களிலும் சேர்த்து அந்த நவம்பர் வரை தொடர்ந்து 5 ஆட்டங்களில் தோற்றது. நடுக்களத்துக்கு நிகோ கோன்சாலஸ் வந்ததே 2025 பிப்ரவரி 3, விண்டோவின் கடைசி நாளில். முடிவில் 71 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். முந்தைய சீசனைவிட 20 குறைவு.

அப்போ எல்லா இடத்துக்கும் மாற்று ஆள் வாங்கிடலாமா?

அவ்வளவு சுலபம் இல்லை. வான் டைக்குக்கு நிகரான ஒருவர் பெஞ்சில் உட்கார வர மாட்டார். பெஞ்சில் உட்கார வருபவர் வான் டைக் அளவுக்கு இருக்க மாட்டார். நன்றாக ஆடும் நான்காவது ஆள் வாய்ப்புக் கேட்பார், கிடைக்கவில்லை என்றால் கிளம்புவார்.

அதனால் கேள்வி 'நிகரானவர் இருக்கிறாரா?' என்பதல்ல. 'மற்றவர்களை இடம் மாற்றாமல் ஓட்டக்கூடிய ஒருவர் இருக்கிறாரா?' என்பதுதான். பிலிப்ஸும் வில்லியம்ஸும் வான் டைக் இல்லை. ஆனால் ஃபாபினியோவை அவர் இடத்தில் நிற்க விட்டார்கள். அந்த 10 ஆட்டங்களில் அணிக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அடுத்த ஆஃப் சீசனில் பட்டியல் போடும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்த இடத்தில் இருப்பவர்கள் கடந்த இரண்டு சீசனில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள்? பெயரை எண்ணாமல் ஆட்டங்களை எண்ணுங்கள்.

2. எந்த ஒரு வீரர் இல்லாதபோது அணி தோற்கிறது? அந்த இடம்தான் முதல் தேவை, அங்கே இப்போது யாருக்கும் காயம் இல்லாவிட்டாலும்.

3. மாற்று ஆள் அதே இடத்து வீரரா, இன்னொரு இடத்தில் இருந்து இழுக்கப்படுபவரா? இழுத்தால் அந்த இடத்தில் யார் ஆடுவார்?

4. காயத்தில் இருந்து திரும்புபவர் எந்த மாதம் திரும்புகிறார்? அதற்கு முன் எத்தனை ஆட்டங்கள்?

5. இளம் வீரர்களில் சில ஆட்டங்களுக்காவது நம்பி இறக்கக்கூடியவர் யார்? அவரை லோனில் அனுப்பிவிட்டார்களா?

ஸ்ட்ரைக்கர் வாங்கினால் விமான நிலையத்திலேயே கொண்டாட்டம் இருக்கும். நான்காவது சென்டர் பேக் வாங்கினால் யாரும் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். அவர் எதற்கு என்பது அக்டோபரில் யாராவது ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதுதான் தெரியும். அப்போது விண்டோ மூடியிருக்கும்.