ஆடலைக் காணும் கல்வி



ஆரணியை அடுத்த எங்கள் முள்ளிப்பட்டில் ஒருவர் கையில் பட்டுச் சேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அழகாயிருக்கிறது என்று உடனே சொல்லிவிட மாட்டார். வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். கரையும் உடலும் சேரும் இடத்தை விரலால் தடவுவார். சேலையைப் புரட்டி, இழை அறுந்து முடிந்த இடம் உண்டா என்று தேடுவார். பிறகே வாய் திறப்பார். தறியின் அருகே வளரும் பிள்ளைகளுக்கு இந்தப் பார்வை பள்ளிக்கு வருமுன்பே வந்துவிடுகிறது. அத்தகைய பிள்ளைகளை ஒரு முறை நாட்டிய நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். கண்டதை எழுதி வருமாறு மறுநாள் பணித்தேன். நாற்பது குறிப்பேடுகளிலும், "நடனம் மிக நன்றாக இருந்தது" என்ற ஒரே வாக்கியந்தான் இருந்தது. பிழை அவர்களுடையது அன்று. காண்பதற்கும் ஒரு கல்வி உண்டு என்பதைத் தலைமையாசிரியனாகிய நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

அக்கல்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. நாட்டிய சாஸ்திரத்தின் 27ஆம் அதிகாரம், ஆடலின் வெற்றி தோல்வியை மதிப்பிடுவோரைப் பற்றிப் பேசுகிறது. வேள்வி அறிந்தவர், நடிகர், யாப்பறிந்தவர், இலக்கண வல்லுநர், அரசர், வில்லாளி, ஓவியர், கணிகை, இசைவாணர், அரசு ஊழியர் எனப் பதின்மரை அது குறிக்கிறது. நாடகம் பார்க்க வில்லாளி எதற்கு? அம்பெய்யும் நிலையில் தோளும் காலும் முறையாக நின்றனவா என்று அவரைக் காட்டிலும் நன்கு சொல்ல வல்லார் யார்? சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் இவ்வகையில் படிக்கத்தக்கது. ஐந்தாண்டில் பயிலத் தொடங்கிய மாதவி, பன்னிரண்டாம் ஆண்டில் சோழன் அவையில் ஆடுகிறாள். இளங்கோவடிகளோ அதற்கு முன்பே ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோர் தகுதியையெல்லாம் கூறுகிறார். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்தும் காட்டுகிறார். எதைப் பார்க்க வேண்டும் என்று நம்மைத் தயார்ப்படுத்திய பின்னரே திரையை விலக்குகிறார்!

ஏட்டில் மட்டுமா இது இருந்தது? எங்கள் வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்தோறும் பாரதம் நடக்கும்போது தெருக்கூத்தும் நடக்கும். கதை எல்லாருக்கும் தெரிந்ததே. துச்சாதனன் சேலையைப் பற்றுவான் என்பதை அறிந்தே விடியும்வரை அமர்ந்திருப்பர். என்ன நடக்கும் என்பதை அன்று, எப்படி நடக்கிறது என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து, பிடித்த திரைக்குப் பின்னே நின்று பாடும் கர்ணனின் குரல் தளர்ந்தால், எழுத்தறியாத முதியவரும் அதைக் கண்டு சொல்வார்.

இத்தகைய பார்வையுள்ள நாட்டில், ஒரு காலத்தில் ஆடலைப் பாராமலே அதற்குத் தீர்ப்புக் கூறினார்கள். அதுவே நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1931ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், சென்னை மியூசிக் அகாடமியின் ஆதரவில், கல்யாணி அம்மாளின் புதல்வியர் இருவர் சதிர் ஆடினர். அதற்கு முன்னின்றவர் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர். சதிரைக் கற்று, பெண் வேடம் புனைந்து தாமே ஆடியவர் அவர். எதிர்த்தரப்பில் நின்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை ஒழிக்கப் போராடியவர், அக்கொடுமை மெய்யானது, 1947இல் சென்னை மாகாணச் சட்டம் அதைத் தடை செய்தது. 1932ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விருவரும் பத்திரிகைகளில் எதிரெதிராகக் கடிதம் எழுதினர். இருவரும் பெருமக்களே. ஆனால் அவர்களைப் பின்பற்றிப் பேசியோரில் எத்தனை பேர் ஓர் இரவேனும் சதிரை அமர்ந்து பார்த்திருப்பர்? ஆடுபவள் யார் என்பதே பேச்சாயிற்று. அவள் எப்படி ஆடினாள் என்பது பின்னுக்குப் போயிற்று.

அந்நாளில் 'ஆனந்த விகடன்' இதழில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' என்னும் பகுதி வெளிவந்தது. எழுதியவர் கல்கி. சபா வாசலையே மிதித்திராத வாசகரும், கச்சேரியில் நிகழ்ந்ததை எளிய தமிழில், சிரிப்போடு படித்தறிந்தனர். போய்ப் பார்த்து வந்தவர் எழுதினார் என்பதே அதன் பெருமை.

சதிர் பரதநாட்டியம் என்ற பெயரை ஏற்றது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் தோன்றியது. பழித்தவர்கள் புகழத் தலைப்பட்டார்கள். கலைக்கு மேடை கிடைத்தது. பரம்பரையாக அதைக் காத்துவந்த பல குடும்பத்துப் பெண்களோ மேடையை இழந்தார்கள். பாராமல் பழித்ததைப் போலவே பாராமல் புகழ்வதும் நேர்ந்தது என்று நான் கருதுகிறேன்.

இழவாமல் நின்றவர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி. 1925இல், ஏழு வயதுச் சிறுமியாக, எங்களூரைப் போன்றே நெசவுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில், அம்மன் கோயிலில் அரங்கேறியவர். ஐம்பதாண்டு கழித்து, 1975இல், சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றுகையில், நாட்டியக் கச்சேரியின் வரிசையை அவர் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்த மண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணம் இறைவனின் சன்னிதி. பதத்தில் முழக்கம் அடங்கிக் கருவறையின் அமைதி வருகிறது. தில்லானா கற்பூர ஆரத்தி.

எனக்கு ஆடத் தெரியாது. தாளம் மட்டும் ஓரளவு பிடிபடும். ஆயினும் இந்த உவமையைப் படித்த பின், கரும்பலகையில் ஒரு கோயிலை வரைந்தேன். நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு பாருங்கள் என்றேன். 'நன்றாக இருந்தது' என்ற சொற்கள் குறிப்பேட்டில் வரக்கூடாது என்று ஒரு விதியும் செய்தேன். காலைப் பார்த்தால் காலைப் பற்றி எழுதுக. சேலையைப் புரட்டிப் பார்ப்பதுபோல் பார்த்து எழுதுக என்றேன்.

மறுமுறை நிகழ்ச்சி கண்டு வந்தபின், நெசவுத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுதியிருந்தது இது: யசோதையாக ஆடியவர் கண்ணனை முதலில் தம் முழங்கால் உயரத்தில் பார்த்துப் பேசினார். திரும்பி வந்தபோது இடுப்பு உயரத்தில் பார்த்தார். இதற்கிடையில் குழந்தை எப்படி வளர்ந்தது?

நான் கவனியாத பிழை அது. வகுப்பில் படித்துக் காட்டினேன். கண்ணன் திண்ணைமேல் ஏறி நின்றிருக்கலாம் என்றான் ஒருவன். அப்படியானால் ஏறியதைக் காட்டியிருக்க வேண்டும் என்றாள் அவள். மாயக் கண்ணன் அல்லவா, நினைத்தால் வளர்வான் என்றான் வேறொருவன். வகுப்பு இரண்டு கட்சியாயிற்று. அன்று கணக்குப் பாடம் நடக்கவில்லை.