கைமாறும் பலகை

அந்தப் பலகையின் அடிப்பக்கத்தில், நடுவாக ஓடும் மெல்லிய மரச்சட்டத்தை ஒட்டி, பூச்சுக்கு உள்ளே பென்சிலால் எழுதிய மூன்று அளவுகள் இருக்கின்றன: 7 அடி 2 அங்குலம், 21¼ அங்குலம், 2¾ அங்குலம். நீளம், அகலம், தடிப்பு. நுரைக்கட்டியைச் செதுக்கி முடித்தவர் அளவை எழுதிக் கையொப்பமும் போட்டுவிடுவார். அதற்கு மேல்தான் ஃபைபர் துணி விரித்து ரெசின் ஊற்றுவார்கள். இதில் கையொப்பம் கலங்கிப் போய்விட்டது. எண்கள் மட்டும் நேற்று எழுதியதுபோல இருக்கின்றன. இப்போது வரும் பலகைகளில் இத்தனை லீற்றர் கனவளவு என்று அச்சடித்தே வருகிறது. இதில் அது இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் ஒருவர் நின்று கையால் செதுக்கிய சேர்ஃபிங் பலகை இது.

உள்ளே இருப்பது பொலியுரெத்தேன் நுரை. ஐம்பதுகளின் கடைசியில் பால்சா மரத்தைத் தள்ளிவிட்டு உலகம் முழுவதும் பரவிய நுரை அது. கலிபோர்னியாவில் கோர்டன் கிளார்க் நடத்திய கிளார்க் ஃபோம் தொழிற்சாலைதான் அமெரிக்கப் பலகைக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதை வார்த்துக் கொடுத்தது. 2005 டிசம்பர் 5 அன்று, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், அந்தத் தொழிற்சாலையை அவர் மூடினார். அதன் பிறகு இன்னொரு வகை வேகமாக வளர்ந்தது: பொலிஸ்டைரீன் நுரைக்கு மேல் எபொக்சி ரெசின். எடை குறைவு, பலம் கூட. தாய்லாந்தின் சொன்புரியில் உள்ள கோப்ரா தொழிற்சாலை போன்ற இடங்களிலிருந்து அவை பெருந்தொகையாக வெளியே வருகின்றன. வெளிப்பார்வைக்கு இரண்டு வகையும் ஒன்றுதான். அடிபட்ட பிறகுதான் வேறுபாடு பெரிதாகும். அதை மறுகா சொல்கிறேன்.

இந்தப் பலகை யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பையில் கட்டுநாயக்காவில் இறங்கி, வான் ஒன்றின் கூரையில் மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலை அடுத்த அறுகம்குடாவின் உல்லைக்கு வந்தது. சீசன் முடிந்து அவர் திரும்பும்போது விமானத்தில் பலகைக்குத் தனிக் காசு கேட்பார்கள். பழைய பலகைக்கு அந்தக் காசைக் கட்டுவதைவிடத் தங்கிய இடத்திலேயே விட்டுப்போவது லாபம். அறுகம்குடாவில் எங்கள் பிள்ளைகள் அலையில் ஏறப் பழகியது பெரும்பாலும் இப்படி மிஞ்சிய பலகைகளில்தான். மூக்கு உடைந்தது, செட்டை கழன்றது, நடுவில் முறிந்து ஒட்டியது என்று எதுவும் வீண்போகவில்லை.

எங்கள் ஊர் ஆலையடிவேம்பில் இருந்து பார்த்தால் உல்லை நாற்பது கிலோமீற்றருக்கு மேல் தெற்கே. அக்கரைப்பற்றில் பஸ் ஏறினால் தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில். வழி முழுக்க இடதுபக்கம் கடல். ஆனால் எங்கள் கரையில் பலகை வேலைக்கு ஆகாது. நேராக நீண்ட மணற்கரை. அலை வந்தால் முழு நீளத்துக்கும் ஒரேயடியாக மடிந்து விழும். உல்லையில் நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டியிருக்கிறது. தென்சமுத்திரத்தில் எங்கோ புயலடித்துக் கிளம்பிய அலை, சித்திரை வைகாசிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குத் தோளைச் சுற்றி வந்து அந்த மூக்கில் தட்டி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாக உடைந்துகொண்டே போகும். நிலத்திலிருந்து வீசும் கச்சான் காற்று அலையின் முகத்தைச் செதுக்கி நிமிர்த்தி வைக்கும். நெல்லுக்காரர் திட்டுகிற அந்த வறண்ட காற்றுதான் சேர்ஃபிங்காரருக்குப் பொன். ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் உகந்தை முருகன் கோவிலில் தங்கும்போது, அதே உகந்தைக் கரையில் அலை ஏறுகிறவர்களும் நிற்பதைக் காணலாம்.

உல்லையில் விடப்பட்ட பலகை வாடகைக் கடைக்குப் போனது. பேபி பொயின்ற்றில் முதன்முறை எழுந்து நிற்கப் பழகுகிறவர்களை அது தாங்கியது. கல்லில் உரசும், ஓட்டோவின் கூரையில் கயிறு இறுக்கிக் கட்டி விஸ்கி பொயின்ற், பீநட் ஃபார்ம் என்று கொண்டுபோவார்கள், பகல் வெயிலில் மணலில் கிடக்கும். வெயில் மிகவும் கெட்டது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ஃபைபர் தோலுக்கும் நுரைக்கும் இடையே பிடி விட்டுப்போகும். இந்தப் பலகையிலும் பின்கால் ஊன்றும் இடத்தில் உள்ளங்கை அளவுக்கு அப்படிக் கழன்றிருந்தது. அழுத்தினால் மெல்ல உள்ளே போய் எழும்பும். ஐப்பசி பிறந்து வாடைக்காலம் வந்தால் இந்தக் கடல் குழம்பிவிடும். அப்போது பயிற்றுவிக்கிறவர்களும் பலகைகளும் வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ என்று தெற்குக்கு இடம்பெயர்வார்கள். அந்த ஆண்டு கழன்ற தோலோடு இந்தப் பலகையை வானில் ஏற்ற யாருக்கும் விருப்பமில்லை.

உல்லையில் விருந்தினர் விடுதி ஒன்றின் சமையல்கட்டில் வேலை செய்த, எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் அதை வாங்கினான். 2022இல் ரூபாய் விழுந்த காலம் அது. அதுவரை இருநூறு ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. வெளிநாட்டில் பெரும்பாலும் 500 டொலருக்குக் குறையாத புதுப் பலகை எங்கள் பிள்ளைகளுக்குக் கனவிலும் எட்டாததாகிவிட்டது. கைமாறிய பலகைகள் இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளில் கிழக்கில் புதிதாக ஒரு பிள்ளையும் கடலுக்குள் இறங்கியிருக்க முடியாது. கடலுக்கு அக்கரையில், தமிழ்நாட்டின் கோவளத்தில், மீனவர் மூர்த்தி மேகவன் அலையேறத் தொடங்கியதும் இரவல் பலகையில்தான். இன்று அந்தக் கரைக்குச் சேர்ஃபிங் ஊர் என்று பெயர். 2025இல் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டி நடந்து, ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கினார். அலை விளையாட்டு ஒரு கரையில் வேர்விடுவதற்குக் கடையைவிட முக்கியம், விட்டுப்போகிறவரும் விலை குறைத்துக் கொடுக்கிறவரும்.

கழன்ற தோலைச் சரிசெய்தவர் திருக்கோவிலில் மீன்பிடி வள்ளம் பொருத்தும் அண்ணன் ஒருவர். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் வள்ளங்களில் கைபழகியவர். பலகையைப் புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, “இது எங்கட வள்ளச் சாமான்தான் தம்பி” என்றார். கழன்ற தோலைச் சதுரமாக வெட்டி எடுத்தார். உள்ளே நுரை ஈரத்தில் பழுப்பேறிக் கிடந்தது. உடனே மூடவில்லை. நிழலில் நாட்கணக்காகச் சாத்தி வைத்து, உப்புநீர் வடிந்து காய்ந்த பிறகே தொட்டார். சாண்ட் பேப்பரால் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, ரெசினில் சொட்டுச் சொட்டாகக் கட்டலிஸ்ட் விட்டுக் கலக்கி, துணியை இரண்டு மடிப்பாக வைத்து, விரலால் காற்றுக் குமிழியை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியேற்றினார். இறுகிய பிறகு தேய்த்தார். அந்த இடம் சற்று மஞ்சளாகத் தெரியும். கால் வைத்தால் கல்லாக நிற்கும்.

வள்ளத்துக்குப் போடும் பொலியெஸ்டர் ரெசின் பொலியுரெத்தேன் பலகையில் நன்றாகப் பிடிக்கும். அதே ரெசினைப் பொலிஸ்டைரீன் நுரையில் ஊற்றினால், அதில் உள்ள ஸ்டைரீன் நுரையைக் கரைத்துத் தின்றுவிடும். கண்ணுக்கு முன்னாலேயே குழி விழும். கிழக்குக் கரையில் பழைய பலகை வாங்குகிற யாரும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.

மூன்று சீசன் தம்பி அந்தப் பலகையில் நின்றான். காலையில் சமையல், பின்னேரம் கடல். நீளமும் தடிப்பும் கூடிய பலகை அலையைச் சீக்கிரம் பிடிக்கும், தள்ளாட விடாது, உல்லையின் நீண்ட வலப்பக்க அலையில் நெடுந்தூரம் கொண்டுபோகும். பிறகு அவன் வேறு ஒன்றைக் கேட்கத் தொடங்கினான். அலையின் உதட்டில் ஏறித் திரும்ப வேண்டும், நுரைக்கு மேலே வழுக்க வேண்டும், முடிந்தால் காற்றில் எழும்பிச் சுழன்று இறங்க வேண்டும். 2019 செப்டெம்பரில் அறுகம்குடாவில் நடந்த சர்வதேசப் போட்டியில் அந்த வித்தைகளைக் கரையில் நின்று பார்த்தவன் அவன். “பலகை கிறுகுதில்ல அண்ணே. நான் கிறுகிறன், அது நேரா போகுது.”

அந்த வித்தைகள் கடலில் மட்டும் பிறந்தவை அல்ல. கலிபோர்னியாவில் அலை இல்லாத நாளில் பலகைக்குச் சில்லுப் பூட்டித் தெருவில் ஓடினார்கள். 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷேர்மன் பொப்பன் என்பவர் இரண்டு பனிச்சறுக்கு மட்டைகளைச் சேர்த்துப் பூட்டிப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தார். பனிப்பலகை அதிலிருந்து வளர்ந்தது. தெருவிலும் பனியிலும் அந்தரத்தில் சுழலக் கற்றுக்கொண்டவர்களைப் பார்த்துக் கடலில் நின்றவர்களும் எழும்பத் தொடங்கினார்கள். அதற்கு ஏற்ற கடற்பலகையை ஒரேயொரு மாற்றம் சாத்தியமாக்கியது. அவுஸ்திரேலியாவின் சைமன் அண்டர்சன் ஒரே அளவான மூன்று செட்டைகளைப் பூட்டி, 1981இல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியை வென்றார். கட்டையான பலகை பிடியும் விடாமல், கூர்மையாகவும் திரும்பியது அதன் பிறகுதான்.

தம்பி முதலில் ஆசைப்பட்டது போட்டிக்காரர் ஒருவர் விற்க வைத்திருந்த பலகைக்கு. மூக்குக் கூர்மை, தாள்போல மெலிந்த ஓரம், 26 லீற்றர். விலையும் நல்ல விலை. உல்லையில் வாடகைக் கடை வைத்திருக்கும் காக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

“உன்ட எடை என்ன மனே?”

“அறுபத்தெட்டுக் கிலோ காக்கா.”

“அப்ப இது உனக்குக் காணாது. பாதி தண்ணிக்குள்ள தாண்டு போகும். நீ எழும்புறத்துக்குள்ள அலை போயிரும். ஒரு நாளைக்கு இருபது அலை புடிச்சாத்தானே கிறுகப் பழகலாம்?”

வித்தை பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் தவறுகிற இடம் இது. நன்கு தேர்ந்தவருக்கு எடையில் மூன்றில் ஒரு பங்கு, சற்றுக் கூட, லீற்றராகப் போதும். நடுத்தரக்காரருக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவாகவாவது வேண்டும். அவனுக்கு முப்பது லீற்றர் தாண்ட வேண்டும். 47, 48 லீற்றர் மதிக்கத்தக்க பழைய பலகையிலிருந்து 26க்கு ஒரேயடியாக இறங்கினால், அலையே கிடைக்காமல் கடலில் உட்கார்ந்திருப்பான். நல்ல பலகை எது என்று கேட்பதைவிட, நம் எடைக்கும் நாம் பெரும்பாலான நாட்களில் காணும் அலைக்கும் எது ஒத்துவரும் என்று கேட்பதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உல்லை அலை பெரும்பாலான நாட்களில் இடுப்பிலிருந்து நெஞ்சளவு. ஆகையால் மூக்கின் வளைவு குறைந்த பலகை பார்த்தார்கள். அதிகம் வளைந்த மூக்கு செங்குத்தான பெரிய அலைக்கு நல்லது, சிறிய அலையில் தண்ணீரைத் தள்ளி வேகத்தைத் தின்னும். வால் சதுரமாகவும் அதன் மூலைகள் மழுங்கியும் இருக்க வேண்டும்: அகன்ற வால் மெதுவான அலையிலும் உந்தும், திருப்பும்போது அதன் மூலை கவ்விப் பிடித்து விடும். முறிந்த வாலைப் பிறகு அடைத்திருந்தால் அந்தப் பலகையைத் தொடவே கூடாது, பின்காலின் முழுப் பாரமும் அங்கேதான் இறங்கும். தேடித்தேடிக் கடைசியில் கிடைத்தது 5 அடி 10 அங்குலம், 31 லீற்றர், எபொக்சி. செட்டை பூட்ட ஐந்து பொருத்திகள். மூன்றும் போடலாம், நான்கும் போடலாம். அதுவும் ஒருவர் பாவித்ததுதான். காக்கா அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நடுவில் குறுக்குக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தலையிலிருந்து வால்வரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். தோல் கழன்ற இடத்தில் சத்தம் பொத்தலாகக் கேட்கும். செட்டைப் பொருத்திகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். 85,000 ரூபாய்க்கு முடிந்தது.

அதற்குக் காசு சேர்க்கப் பழையது விற்க வேண்டும். மஞ்சள் இடத்தை மறைக்கச் சொல்லி ஒருவர் புத்தி சொன்னார். வெள்ளைப் பெயின்ற் அடித்து மெழுகு தடவினால் யாருக்கும் தெரியாது. தம்பி மறுத்துவிட்டான். பழைய மெழுகை வெயிலில் இளக வைத்து முழுவதும் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பலகையை வெறும் மேனியாக வைத்தான். வாங்க வந்தவர் வெலிகமவில் பழக்குகிறவர், சிங்களவர். எங்கே கழன்றது, யார் அடைத்தது, என்ன ரெசின், எத்தனை நாள் காயவைத்தது எல்லாவற்றையும் தம்பி சொன்னான். அவர் அந்த இடத்தில் முழங்காலை ஊன்றி அழுத்திப் பார்த்தார். ஒட்டு வேலை செய்த ஆளின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். 35,000 கொடுத்தார். பேரம் பேசவில்லை. ஐப்பசியில் மற்றப் பலகைகளோடு அதுவும் வெல்லவாய வழியாகத் தெற்குக்குப் போயிற்று.

புதியது ஒரு மாதம் தாங்கவில்லை. உல்லையின் மெயின் பொயின்ற் கல்லில் ஓரம் பட்டு, நகம் அளவுக்கு வெடித்தது. தம்பி அந்த நிமிடமே கரையேறி, நன்னீரில் கழுவி, வெடிப்பை நாடாவால் ஒட்டித் திருக்கோவிலுக்குக் கொண்டுபோனான். அண்ணன் பழக்கத்தில் வள்ள ரெசின் பேணியை எடுத்தார். தம்பி கையைப் பிடித்தான். பழைய மீன்பெட்டியிலிருந்து உடைத்த ரெஜிஃபோம், அதாவது பொலிஸ்டைரீன், துண்டில் இரண்டு சொட்டு விட்டுக் காட்டினான். அது புகையாமல் சத்தமில்லாமல் உருகி ஓட்டை விழுந்தது. எபொக்சியைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது அண்ணனின் பட்டறையில் இரண்டு பேணிகளும் இருக்கின்றன. எபொக்சிப் பேணியில் சிவப்புப் பெயின்ற்றால் ‘போர்ட்டுக்கு மட்டும்’ என்று எழுதி வைத்திருக்கிறார்.