வக்கீல் இல்லாமல் எழுதிய டிரஸ்ட்

அமெரிக்காவில் ஒருவர் இறந்தால், தனியாக அவர் பெயரில் நிற்கும் வீடும் நிலமும், உயில் இருந்தாலும்கூட, பெரும்பாலும் புரோபேட் நீதிமன்றம் வழியாகத்தான் வாரிசுகளுக்குப் போய்ச் சேரும். மாதக்கணக்கில் இழுக்கும், செலவு முழுவதும் அந்தச் சொத்திலிருந்தே கழியும். உயிரோடு இருக்கும்போதே சொத்தை ஒரு டிரஸ்டில் வைத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. இதுவே லிவிங் டிரஸ்ட்.

இதன் வேர் இடைக்கால இங்கிலாந்தில். நிலத்தை உயிலில் எழுதிக் கொடுக்கச் சட்டம் இடம் தராத அந்நாளில், நம்பிக்கையான நண்பர்கள் பெயருக்கு மாற்றி, பலனைக் குடும்பத்துக்குத் தரச் சொல்லி வைத்தார்கள். பின்னாளில் அமெரிக்காவில் ஒருவர் தனக்குத் தானே டிரஸ்டியாக, அதாவது டிரஸ்டின் சொத்தை நிர்வகிப்பவராக இருந்து, ரத்து செய்யும் உரிமையையும் கையில் வைத்துக்கொண்டால் அது செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. கால்நடை மருத்துவர் ஒருவர் தம்மிடம் வேலை பார்த்தவருக்காக மியூச்சுவல் ஃபண்ட் பங்குகளை அப்படி வைத்திருந்தார். செல்லும் என்று 1955-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாமானியர் கைக்கு இதைக் கொண்டுவந்தவர் கனெக்டிகட் மாநிலத்தின் நார்மன் டேசி. அவர் வக்கீல் அல்ல. 1965-ல் வெளிவந்த 'புரோபேட்டைத் தவிர்ப்பது எப்படி!' என்ற அவருடைய ஆங்கில நூலில் பெரும்பகுதி படிவங்கள்தாம். வீட்டுக்கான படிவத்தில் முகவரியையும், வீடு யாருக்குப் போகவேண்டும் என்பதையும் நிரப்பி, நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். பிறகு தன் பெயரிலிருந்து 'டிரஸ்டி' என்ற நிலையிலுள்ள தன் பெயருக்கே வீட்டை மாற்றும் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். முதல் தாளோடு நிறுத்திவிட்டு இரண்டாவதை மறப்பதே, சொந்தமாக டிரஸ்ட் எழுதுவோரிடம் இன்றும் காணும் பெரிய பிழை. பத்திரம் பழைய பெயரிலேயே கிடந்தால் வீடு புரோபேட்டுக்கே போய்ச் சேரக்கூடும்.

1966-ல் நூல் விற்பனையில் முன்னணிக்கு வந்தது. வக்கீல் தொழிலை உரிமமின்றிச் செய்கிறார் என்று நியூயார்க் வக்கீல் சங்கம் ஒன்று வழக்குப் போட்டது; நூலுக்குத் தடையும் வாங்கியது. 1967 இறுதியில் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் தடையை நீக்கியது. முகம் தெரியாத பொதுமக்களுக்காக அச்சிட்ட நூல், ஒரு கட்சிக்காரருக்குச் சொல்லும் ஆலோசனை ஆகாது என்பதே அதன் அடிப்படை. மிகச் சரியான தீர்ப்பு. சட்டத்தை மக்களே படித்துப் பயன்படுத்தும் உரிமை அதில் காப்பாற்றப்பட்டது.

1969-ல் வந்த மாதிரிப் புரோபேட் சட்டம் நடைமுறையை எளிதாக்கியது. ஆனால் எல்லா மாநிலங்களும் அதை ஏற்கவில்லை. கலிஃபோர்னியாவில் வக்கீல் கட்டணம் இன்றும் விழுக்காட்டுக் கணக்குதான். 5 லட்சம் டாலர் வீட்டுக்கு 13,000 டாலர். வீட்டின் மேல் உள்ள கடனைக்கூட கழிப்பதில்லை. அங்கே லிவிங் டிரஸ்ட் பரவலாக இருப்பதற்கு இந்தக் கணக்கே முக்கியக் காரணம்.