தொடர் கருச்சிதைவும் நோயெதிர்ப்பு மரபணுக்களும்

தொடர் கருச்சிதைவு என்பது கரு இருமுறையோ அதற்கு மேலோ தானாகக் கலைந்துபோவது. மூன்று முறை என்பதே நெடுங்கால வரையறை. ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் அதை இரண்டாக்கியது. குரோமோசோம் பிழை, கருப்பையின் அமைப்பு, தைராய்டு, இரத்த உறைவுக் கோளாறு என எல்லாம் தேடிய பிறகும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் புலப்படுவதில்லை. நோயெதிர்ப்பு மரபணுக்கள் மீது சந்தேகம் விழுந்தது அதனால்தான்.

புதிரைத் தொடங்கிவைத்தவர் பிரிட்டனின் பீட்டர் மெடவார். கருவின் மரபணுக்களில் பாதி தந்தையுடையவை. அந்நியத் தோலை ஒட்டினால் உதறித் தள்ளும் உடல், கருவை மட்டும் எப்படிப் பத்து மாதம் சுமக்கிறது என்று 1953இல் அவர் கேட்டார். 1958இல் நெதர்லாந்தில் வான் ரூட்டும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும், கருவுற்ற பெண்களின் இரத்தத்தில் கணவரின் வெள்ளணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டனர். தாயின் உடல் கருவை அறியாமலில்லை, அறிந்தும் தள்ளவில்லை. அந்த எதிர்ப்பொருள்கள் இனங்கண்ட அடையாளப் புரதங்களே பின்னர் எச்.எல்.ஏ. எனப் பெயர்பெற்றன, அவற்றின் மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன.

1980களில் ஓர் அழகான கோட்பாடு பரவியது. தம்பதியரின் எச்.எல்.ஏ. ஒத்திருந்தால் தாயின் உடல் கருவை அடையாளம் காணாது, காக்கும் எதிர்ப்பொருள்களையும் சுரக்காது என்பது அது. கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை வந்தது. 1985இல் லண்டன் ஆய்வொன்று அதற்கு வெற்றி சொல்ல, உலகெங்கும் மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. அழகு நிலைக்கவில்லை. கரோல் ஓபர் குழுவின் 1999ஆம் ஆண்டு ஆய்வில் ஊசி போட்டவர்களில் 36 விழுக்காட்டினரும் போடாதவர்களில் 48 விழுக்காட்டினரும் வெற்றி கண்டனர். 2002இல் அமெரிக்க அரசு அச்சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே தடுத்தது. விந்தை என்னவென்றால், தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கும் ஹட்டரைட் சமூகத்தில் எச்.எல்.ஏ. ஒத்த தம்பதியருக்குக் கருக்கலைவு சற்று மிகுதி என்று காட்டியவரும் இதே ஓபர்தான்! ஒற்றுமையால் ஆபத்து கூடலாம். அதற்காக ஊசி மருந்தாகிவிடாது. ஆனால் சொந்தத்தில் மணப்பதும் அதனால் இத்தகைய ஒற்றுமை கூடுவதும் வழக்கமான தமிழ்நாட்டில், வட ஆர்க்காடு மாவட்டத்தில் நடந்து 1977இல் வெளியான ஆய்வு, அத்தகைய மணங்களில் கருக்கலைவு குறிப்பிடும்படி கூடியிருப்பதாகக் காணவில்லை.

அடுத்த திருப்பம் கேம்பிரிட்ஜில் நேர்ந்தது. கருப்பைச் சுவரில் திரளும் இயற்கைக் கொல்லணுக்கள், பெயருக்கு மாறாக, கருவைக் கொல்வதில்லை. நஞ்சுக்கொடிக்கு இரத்தம் தரும் நாளங்களை அகலமாக்க உதவுகின்றன. அவற்றின் கே.ஐ.ஆர். ஏற்பிகளுக்கான மரபணுக்கள் 19ஆம் குரோமோசோமில் உள்ளன. அவ்வேற்பிகள் கருவின் எச்.எல்.ஏ.-சி புரதத்தைத் தொட்டறிகின்றன. தாயிடம் அடக்கும் ஏற்பிகளே மிகுந்து, கருவிடம் சி2 வகை இருந்தால், அணுக்கள் மந்தமாகி நாளங்கள் குறுகியே நிற்கக்கூடும். அங்குள்ள ஆஷ்லி மொஃபெட் குழு இதை 2004இல், கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தம் உயரும் முன்சூல்வலிப்பிலும் 2008இல் தொடர் கருச்சிதைவிலும் பொருத்திக் காட்டியது. மெடவாரின் கேள்வியே இங்கே தலைகீழாகிறது: ஆபத்து தாயின் எதிர்ப்பு மிஞ்சுவதில் மட்டுமல்ல, போதாமலிருப்பதிலும் உண்டு. எனினும் 2009இல் லக்னோ ஆய்வாளர்கள் வட இந்தியப் பெண்களிடம் கண்டது இதற்கு எதிர்: கருவிழந்தவர்களிடம் தூண்டும் ஏற்பிகளே மிகுந்திருந்தன.

ஆகவே எச்.எல்.ஏ. சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். விதிவிலக்கு ஒன்றே: முதலில் ஆண் குழந்தை பெற்று, பிறகு கருக்களை இழந்த ஸ்காண்டிநேவியப் பெண்கள். மகனின் அணுக்களிலுள்ள ஆண் அடையாளங்களுக்கு எதிரான நோயெதிர்ப்பு நினைவு சில எச்.எல்.ஏ. வகைத் தாய்மாரிடம் நீடித்து, அடுத்த கர்ப்பங்களைப் பாதிக்கிறது என்பது டென்மார்க் ஆய்வாளர்களின் விளக்கம்.