ஹைட்ரஜன் என்னும் மேல்தோல்: சூப்பர்நோவா வகைப்பாடு குறித்துச் சில குறிப்புகள்

வகைப்படுத்துதல் அப்பாவித்தனமான காரியமல்ல என்பதைச் சாதியை முன்வைத்து நிறையவே பேசிவிட்டோம். வானவியல் மாதிரியான ‘சுத்த’ அறிவியலுக்குள் அது எப்படி நடக்கிறது என்று பார்க்க நாம் மெனக்கெட்டதில்லை. வெடித்துச் சாகிற நட்சத்திரங்களை, அதாவது சூப்பர்நோவாக்களை, வகை பிரித்த கதை அதற்குத் தோதானது. நம்ம பக்கத்து மலைகளும் அதில் வருகின்றன.

தூரத்து கேலக்சி ஒன்றில் நேற்றுவரை இல்லாத ஒரு ஒளிப்புள்ளி தென்படுகிறது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் புள்ளி புள்ளிதான். அதன் ஒளியை மெல்லிய பிளவு ஒன்றின் வழியே செலுத்தி, அலைநீளவாரியாகப் பிரித்து விரித்தால் (நிறப்பிரிகை என்ற சொல்லைச் சிற்றிதழ்க்காரர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள்) எந்தத் தனிமம் எங்கே ஒளியை விழுங்கியிருக்கிறது என்று தெரியும். சிதறும் பொருளின் வேகம் விநாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவில் இருப்பதால் கோடுகள் ஊசிபோல் இராமல் அகன்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். படிப்பது லேசான வேலையில்லை.

1941இல் இப்படி 14 சூப்பர்நோவாக்களின் நிறமாலைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்தவர் ருடால்ஃப் மின்கோவ்ஸ்கி. நாஜிகளின் இனச் சட்டங்களுக்குத் தப்பி 1935இல் ஹாம்பர்கிலிருந்து அமெரிக்கா போனவர். ஒரே அச்சில் வார்த்தாற்போலிருந்த 9 முதல் வகை. ஹைட்ரஜன் காட்டிய மிச்சம் 5 இரண்டாம் வகை. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை விதியாக்கினார்கள்: ஹைட்ரஜன் இல்லாதது முதல் வகை, இருப்பது இரண்டாம் வகை. தற்காலிகமானவை விதியாக இறுகிப்போவது நமக்கொன்றும் புதிய செய்தி அல்ல.

முதல் வகைக்கு உரிய சிலிக்கான் பள்ளம் சிலவற்றில் இல்லாதது 1960களிலேயே தெரிந்திருந்தது. ‘விசித்திரமானவை’ என்று ஒரு அடைமொழி போட்டு ஓரமாக வைத்தார்கள். விதிக்குள் அடங்காததற்கு விசித்திரம் என்று பேர் சூட்டிவிட்டால் விதியைத் தொட வேண்டியதில்லை அல்லவா? 1985 வாக்கில்தான் அவற்றைப் பிரித்து 1பி என்றும், பிறகு ஹீலியமும் காட்டாதவற்றை 1சி என்றும் அழைக்கலானார்கள். சிலிக்கான் உள்ளவை 1ஏ ஆயின.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 1ஏ என்பது வெண்குள்ளன் நட்சத்திரம் ஒன்று அணுக்கருத் தீப்பிடித்து முழுசாகச் சிதறுவது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய சந்திரசேகர் கணக்கிட்டாரே, சூரிய நிறையில் சுமார் 1.4 மடங்கு என்ற எல்லை, அதோடு சம்பந்தப்பட்ட சாவு இது. 1பியும் 1சியும் அப்படியல்ல. பெரிய நட்சத்திரத்தின் இரும்பு மையம் தாங்கமாட்டாமல் இடிந்து விழுவதால் நேர்பவை, இரண்டாம் வகையைப் போலவே. வெளியே போர்த்தியிருந்த ஹைட்ரஜனை முன்னமே இழந்துவிட்டவை, அவ்வளவுதான். ஆக, மேல்தோலை வைத்துப் பிரித்ததால் கூடப்பிறந்தவர்கள் நாற்பது வருஷம் வேற்று வீட்டில் கணக்கெழுதப்பட்டிருந்தார்கள்.

1987 பிப்ரவரி 24 அன்று சிலியில் கண்டறியப்பட்ட 1987ஏ, 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிந்த முதல் சூப்பர்நோவா. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்கு மேல் எட்டு பாகை அளவே ஏறும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், தூசி மண்டிய காற்றினூடே, அங்கிருந்தவர்கள் அதன் நிறமாலைகளை எடுத்தார்கள். ஹைட்ரஜன் இருந்தது, இரண்டாம் வகைதான். ஆனால் வெடித்தது எதிர்பார்த்த சிவப்புப் பெருநட்சத்திரம் அல்ல, நீலம்.

காவலூரைச் சுற்றி இருப்பவர்கள் மலையாளிகள் (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர்கள்). 1976 திருத்தத்தின்படி பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்கள் எழுதியிருக்கின்றன: தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி. காவலூர் அன்று வடஆற்காடு. பர்கூர் மலை அன்று கோயமுத்தூர், 1979க்குப் பிறகு ஈரோடு. இரண்டு பேருமே அதில் கிடையாது. பர்கூர் மாட்டுக்குப் பேர் இருக்கிறது. அதே பேர் சொல்லும் அந்த மலையாளிப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கிடைக்காமலிருந்தது. “நாங்க மட்டும் என்னங்க வேற ஆளுங்களா?” என்று எத்தனையோ வருஷமாகக் கேட்டு அலைந்தார்கள். நட்சத்திரத்துக்கு வகை தவறினால் அதற்கு நட்டமில்லை. ஒப்பீடு இந்த இடத்தில் உடைகிறது, உடைய வேண்டியதும்தான். ஆனால் வானவியலாளர்கள் விசித்திரங்களைப் பார்த்துத் தம் பட்டியலைத் திறந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதிலும் சுவாரசியமானது 1993ஜே. மார்ச் 28 அன்று எம்81 கேலக்சியில் ஸ்பெயின் நாட்டு அமெச்சூர் ஒருவர் கண்டுபிடித்தது. முதல் நாட்களில் ஹைட்ரஜன், சந்தேகமில்லாமல் இரண்டாம் வகை. சில வாரங்களில் ஹைட்ரஜன் மங்கி ஹீலியம் மேலெழுந்து, 1பியின் முகம் வந்துவிட்டது. காவலூரும் அந்த மாற்றத்தைப் பதிவு செய்தது. தோல் முழுசாகப் போகாமல் மெல்லிசாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இதற்கு 2பி என்று பெயர். என்ன வகை என்பதற்கான பதில், என்றைக்குப் பார்த்தாய் என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

இன்று தானியங்கி தொலைநோக்கிகள் வருஷத்துக்குப் பல்லாயிரம் புதிய புள்ளிகளைப் பிடித்துப் போடுகின்றன. 2016 முதல் சர்வதேச வானவியல் ஒன்றியத்தின் பதிவேட்டில் ஒவ்வொன்றும் முதலில் ‘ஏடி’ என்ற முன்னொட்டோடு நுழைகிறது, தற்காலிக வானப் பொருள் என்று அர்த்தம். யாராவது நிறமாலை எடுத்து வகை சொன்னால்தான் ‘எஸ்என்’, சூப்பர்நோவா. லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் உட்கார்ந்தபடி இயக்கி நம்மவர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆனாலும் கிட்டத்தட்ட பத்தில் ஒன்றுக்குத்தான் நிறமாலை வாய்க்கிறது, பிரகாசமானவற்றுக்கே முன்னுரிமை. மற்றவை ஏடியாகவே மங்கிப் போகின்றன.