டப்ரின் கப்பல் முதல் உத்தண்டிக் கழகம் வரை
(கப்பற் கல்வியின் வரலாறு)

மூன்று புறமும் கடல் சூழ்ந்த நாட்டிலே பிறந்தும் கடற்றொழிலில் நாம் பின்னடைந்தோம் என்று ஒருவர் கூறின், நம் சங்கத்து முதியோர்க்குச் சினம் வருதல் இயல்பே. கொற்கையும் காவிரிப்பூம்பட்டினமும் நாகப்பட்டினமும் அவர்கள் நாவின் நுனியில் விடையாக நிற்கும். அவையெல்லாம் மெய்யே. ஆயினும், 1920-ஆம் ஆண்டையொட்டி நம் துறைமுகங்களில் நங்கூரமிட்டு நின்ற பெரும் நீராவிக் கப்பல்களில் ஆணையிடும் இடத்தில் நின்ற இந்தியர் எத்தனை பேர் என வினவுவோமாயின், தலைகவிழ வேண்டியவர்களாவோம். உலைக்குக் கரி அள்ளியோர் நம்மவர். கயிறு இழுத்தோர் நம்மவர். அவர்களை மேய்த்த சாரங்கும் தண்டேலும் நம்மவரே. கப்பலைச் செலுத்தும் அதிகாரிகளும் யந்திர அதிபர்களுமோ ஏறக்குறைய அனைவரும் ஐரோப்பியர்.

இதற்குக் காரணம் நம் இளைஞர்க்கு அறிவின்மையன்று. அதிகாரிகளாக வரத்தக்க சிறுவர்களை முறைப்படி பயிற்றும் கப்பற் பள்ளி இந்நாட்டில் இல்லை என்பதே. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வரவழைத்த வீரத்தை நாம் மறவோம். அக்கம்பெனி ஒடுக்கப்பட்ட வரலாறும் யாவரும் அறிந்ததே. பின்னர் 1919 ஏப்ரல் 5-ஆம் தேதி, சிந்தியா கம்பெனியாரின் ‘லாயல்டி’ என்னும் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளே இன்றும் தேசியக் கப்பற்றொழில் தினமாகக் கொண்டாடப்படுகிறது. கப்பலைப் பொருள் கொடுத்து வாங்கிவிடலாம். அதைச் செலுத்தும் மீகாமனை உண்டாக்கப் பல ஆண்டுகள் வேண்டும்.

இக்குறையைச் சட்டசபையில் எடுத்துரைத்தவர் நம் ராஜதானியைச் சேர்ந்த சர் பி. எஸ். சிவஸ்வாமி ஐயரவர்கள். இந்தியருக்கென ஒரு வாணிபக் கப்பற்படை வளர வேண்டுமென்று அவர் 1922-இல் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, காப்டன் ஹெட்லாம் என்பாரின் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. பயிற்சிக் கப்பல் ஒன்று வேண்டும் என்பதும், கரையோர வாணிபத்தைப் படிப்படியாக இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்பதும் அக்கமிட்டியின் சிபார்சுகள். துரைத்தனத்தார் முன்னதை ஏற்றுப் பின்னதைக் கிடப்பில் போட்டனர். பிள்ளைக்குக் குதிரையேற்றம் கற்பித்துவிட்டுக் குதிரையை மட்டும் கொடாதிருந்தது போலாயிற்று இது. கரையோர ஒதுக்கீட்டுக்காக 1928-இல் ஸ்ரீ ஹாஜி அவர்கள் கொணர்ந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

நிற்க. பயிற்சிக்கென அமைந்த கப்பல் ‘டப்ரின்’. 1904-இல் இங்கிலாந்தில் பாரோ நகரத்தில் கட்டப்பட்டு, படைவீரர்களை ஏற்றிச் சென்று வந்த கப்பல் அது. 1927-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாய் மஸகான் துறைக்கு எதிரே நங்கூரமிட்டுப் பள்ளிக்கூடமாக மாறிற்று. பல மாகாணங்களிலிருந்தும், பல மதங்களிலும் குலங்களிலுமிருந்தும் வந்த சிறுவர்கள் அதிலேயே உண்டு உறங்கி மூன்றாண்டுகள் பயின்றனர். கணிதமும் ஆங்கிலமும் ஒரு புறம். கயிறு முடிதலும் படகு வலித்தலும் கொடிச் சைகையும் மற்றொரு புறம். 1935 முதல் கப்பல் யந்திரப் பயிற்சியும் சேர்ந்தது.

அந்த முதல் வகுப்பில் செங்கற்பட்டில் பிறந்த ஒரு சிறுவர் இருந்தார். ராம்தாஸ் கடாரி என்பது அவர் பெயர். பயிற்சி முடிவில் வைசிராயின் தங்கப் பதக்கம் பெற்ற அவர், இரண்டாம் உலக யுத்த காலத்தில் கடற்படையில் சேர்ந்து, 1958 ஏப்ரல் 22-ஆம் தேதி இந்தியக் கடற்படையின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியரானார். அதற்கு முன் அப்பதவியில் இருந்தோர் யாவரும் ஆங்கிலேயர். ஒரு பழங்கப்பலில் தொடங்கிய பள்ளி முப்பதாண்டுகளில் இதனைச் செய்தது.

இவ்விடத்தில் எம் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல நேயர்கள் அனுமதிக்க வேண்டும். எம் பாட்டனாரின் தம்பியார் 1936-இல் டப்ரினில் சேர விரும்பி விண்ணப்பத் தாள் வரவழைத்தார். பாட்டனாரின் தாயார் அதனைக் கண்டு மூன்று நாள் அன்னம் கொள்ளவில்லை. கடல் கடந்தவனுக்குப் பிராயச்சித்தம் என்ன, பெண் கொடுப்பார் யார், கப்பலில் யார் கையால் உண்பது என்பன அம்மையாரின் கேள்விகள். 1914-இல் கணித மேதை ராமாநுஜன் சீமைக்குச் செல்லுமுன் தம் தாயாரின் சம்மதத்துக்குக் காத்திருந்த நாடன்றோ இது! தம்பியார் தாலுகாக் கச்சேரியில் குமாஸ்தாவாகி, பென்ஷன் பெற்று மாண்டார். அந்த விண்ணப்பத் தாள் பூர்த்தி செய்யப்படாமலே பெட்டியில் நெடுநாள் கிடந்தது. தாயாரைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. ஆயினும், பிற குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பிய அவ்வாண்டுகளில் நாம் தயங்கி நின்றோம் என்பதை மறைத்தல் வரலாறாகாது.

1947-இல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியக் கப்பல்கள் 59. அவற்றின் கொள்ளளவு இரண்டு லட்சம் டன்னுக்கும் சற்றுக் குறைவு. கப்பல்கள் பெருக வேண்டுமாயின் ஆட்கள் வேண்டும். ஆகவே 1948-இல் பம்பாயில் உயர்தரப் பயிற்சிக் கல்லூரியும், 1949-இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட கப்பல் யந்திரப் பயிற்சி நிலையமும் தோன்றின. டப்ரின் 1972-இல் ஓய்வு பெற, ‘ராஜேந்திரா’ என்னும் கப்பல் அதன் இடத்தைப் பெற்றது. 1993-இல் ‘சாணக்கியா’ என்னும் பெயரில் அப்பள்ளி நவி மும்பையில் கரையேறியது. கரையேறிய பின்னும் ‘பயிற்சிக் கப்பல்’ என்ற பட்டத்தை அது விடவில்லை.

இவ்வாறு தனித்தனியே இயங்கிய ஏழு அரசாங்க நிலையங்களை ஒன்று சேர்த்து, பாராளுமன்றச் சட்டத்தின்படி 2008 நவம்பர் 14-ஆம் தேதி இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் தலைமையிடம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள உத்தண்டி என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரத்தக்கது. மும்பை, நவி மும்பை, கொல்கத்தா, விசாகப்பட்டினம், கொச்சி ஆகிய ஊர்களிலும் அதற்குக் கிளைகள் உள.

அங்கே கற்பிப்பது யாது? கப்பல் செலுத்தும் கலை, கப்பல் யந்திரக் கலை, கப்பல் அமைக்கும் கலை, துறைமுக நிர்வாகம் முதலியன. உச்சிப் பொழுதில் செக்ஸ்டாண்ட் என்னும் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து அட்சரேகையை அறிவதும், கடிகாரத்தில் நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகையாகத் தீர்க்கரேகையைக் கணிப்பதும், வானத்துத் துணைக்கோள்கள் இடம் காட்டும் இக்காலத்திலும் மாணாக்கர்க்குக் கட்டாயமே. மின்சாரம் நின்றால் சூரியன் நிற்பதில்லையல்லவா! புயலும் மூடுபனியும் நெருக்கமான துறைமுக வாயிலும் திரையில் தோன்றும் அறைகளில் மாணாக்கர் பொய்க்கப்பல் ஓட்டிப் பழகுகின்றனர். அங்கே மோதினால் ஆசிரியரின் கண்டிப்போடு போயிற்று. தீயணைத்தலும் உயிர்ப்படகு இறக்குதலும் கையாலேயே செய்து பழக வேண்டியவை.

ஆராய்ச்சியும் உண்டு. கப்பல் எரியும் எண்ணெயில் கந்தகம் நூற்றுக்கு 3.5 பங்குவரை இருக்கலாம் என்றிருந்ததை, 2020 ஜனவரி முதல் 0.5 ஆகக் குறைத்தனர். ஒரு கடலில் ஏற்றிய நிலைப்பு நீரை மற்றொரு கடலில் கொட்டுவதால் அயல் உயிரினங்கள் பரவுவதைத் தடுக்கும் உடன்படிக்கையும் 2017 முதல் நடைமுறையில் உள்ளது. இவற்றுக்கு ஏற்ப யந்திரங்களையும் கப்பலின் வடிவத்தையும் திருத்தும் வேலை உலகெங்கும் நடைபெறுகிறது. விசாகப்பட்டினக் கிளை கப்பல் வடிவமைப்பு ஆராய்ச்சி நிலையமாக இருந்து கழகத்தோடு சேர்ந்ததே.

பெண்மக்களுக்கும் இத்துறை மூடியதன்று. கொல்கத்தா நிலையத்தில் கற்று 1999-இல் தேறிய ஸோனாலி பானர்ஜி அம்மையார் இந்தியாவின் முதல் பெண் கப்பல் யந்திர அதிகாரி எனப் புகழ் பெற்றார்.

இனிக் குறையும் கூறுவோம். டப்ரின் காலத்தில் பயிற்சி இருந்தது, ஏறக் கப்பல் அரிது. இன்றும் அக்குறை வேறு உருவில் நிற்கிறது. வகுப்பில் தேறினால் மட்டும் அதிகாரியாக முடியாது. குறித்த மாதங்கள் கடலில் பணி செய்த பின்னரே தகுதிப் பரீட்சை எழுத இயலும். அதற்கு ஒரு கப்பற் கம்பெனி இடம் தர வேண்டும். தேறியவர் பலர்; இடங்களோ குறைவு. இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை பெறும் தரகரிடம் சிக்கி, நிலத்தை விற்றுக் கொடுத்துவிட்டுத் திகைத்து நின்ற ஒரு தகப்பனாரை யாம் நேரிற் கண்டிருக்கிறோம்.

ஆதலின் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர், கல்லூரி கப்பற்றுறைத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றதா, கடற்பணிக்குப் பொறுப்பேற்கும் கம்பெனி எது என்பவற்றை எழுத்து மூலம் அறிந்த பின்னரே பணம் கட்டுக. சேர்க்கை பொது நுழைவுத் தேர்வு மூலம் நடைபெறுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 60-உம், ஆங்கிலத்தில் 50-உம் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர்ப் பிள்ளையின் கண்ணைச் சோதித்தல் நலம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய மாட்டாதவர், எதிரே வரும் கப்பலின் விளக்கு எப்புறத்தது என்று அறியார். அவரைக் கப்பல் செலுத்தும் வேலைக்கு எடுப்பதில்லை.